புனித மோர் பன்னாட்டுப் பள்ளி

புனித மோர் பன்னாட்டுப் பள்ளி என்பது யப்பானின் யோக்கோகாமா நகரில் யமத்தே என்னும் மேட்டுநிலப் பகுதியில் அமைந்துள்ள ஒரு கத்தோலிக்கப் பள்ளி ஆகும். இது 1872 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த அருட்சகோதரிகளால் தொடங்கப்பட்டது. இரண்டரை வயதுக் குழந்தைகள் முதல் 12 ஆம் வகுப்பு மாணவர்கள் வரை எல்லா அகவையினரும் இங்கு ஒரே வளாகத்தில் பயில்கின்றனர். தொடக்கத்தில் பெண்கள் பள்ளியாக இருந்த இது பின்னர் இருபாலார் பள்ளியாக மாறியது. பயிற்றுமொழி ஆங்கிலம் ஆகும். யப்பானிய மொழியும் பிரெஞ்சு மொழியும் பாடங்களாகக் கற்பிக்கப்படுகின்றன.

ஆசியாவின் மிகப் பழைய பன்னாட்டுப் பள்ளி என்று இது பெரும்பாலும் குறிப்பிடப்படுகிறது. இக்கூற்று, "பன்னாட்டுப் பள்ளி" என்பதை எவ்வாறு வரையறுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இப்பள்ளியை நிறுவிய அதே சபையினர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இதற்கு முன்பே பள்ளிகளைத் திறந்திருந்தனர். அப்பள்ளிகள் காலப்போக்கில் அந்தந்த நாட்டின் கல்வி அமைப்புக்குள் உள்வாங்கப்பட்டு உள்நாட்டுப் பள்ளிகளாயின. யோக்கோகாமாப் பள்ளி மட்டும் யப்பானியக் கல்வி அமைப்புக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அவ்வாறு நின்றதால் அது எதைக் காத்துக்கொண்டது, அதன் மாணவர்கள் எதை இழக்க நேர்ந்தது என்பதே இப்பள்ளியின் வரலாற்றில் அறியத்தக்க செய்தி.

பெயர்

பள்ளியின் பெயரைக் கண்டு, இது புனித மோர் என்னும் துறவியைப் பாதுகாவலராகக் கொண்டு பெயரிடப்பட்டது என்று எண்ணத் தோன்றும். உண்மையில் இப்பெயர் பாரிசு நகரத் தெரு ஒன்றிலிருந்து வந்தது. மினிம் சபைத் துறவியான நிக்கோலா பரே (1621–1686) என்பவர் பிரான்சின் ரூவான் நகரில் ஏழைச் சிறுமியருக்கு இலவசமாகக் கற்பிக்கும் பெண்களை ஒன்றுதிரட்டி ஓர் அமைப்பை 17 ஆம் நூற்றாண்டில் உருவாக்கினார். அதன் பாரிசு இல்லம் புனித மோர் தெருவில் இருந்தமையால் அதன் உறுப்பினர்கள் "புனித மோர் சீமாட்டிகள்" என அழைக்கப்பட்டனர். இச்சபையே குழந்தை இயேசு சகோதரிகள் சபை என்றும் அறியப்படுகிறது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழர்களுக்கு இப்பெயர் புதியதன்று. அங்குள்ள "கான்வென்ட்" பள்ளிகளில் பயின்ற தமிழ்ப் பெண்கள் பலர். நிக்கோலா பரே 1999 ஆம் ஆண்டு மார்ச்சு 7 ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலால் அருளாளராக அறிவிக்கப்பட்டார்.

பின்னணி

ஆசியாவில் இச்சபையின் பணி 1852 இல் பினாங்கில் தொடங்கியது. மத்தில்து ராக்லோ (1814–1911) என்னும் அன்னை அதற்குத் தலைமையேற்றார். 1854 பெப்ரவரியில் அவர் சிங்கப்பூர் சென்று விக்டோரியா தெருவில் ஒரு கன்னிமாடத்தை நிறுவினார். வந்து சேர்ந்த இரண்டு வாரங்களுக்குள் அங்கு பள்ளி திறக்கப்பட்டது. கட்டணம் செலுத்துவோருக்கு ஒரு வகுப்பு, அனாதைகளுக்கும் ஏழைகளுக்கும் மற்றொரு வகுப்பு என இரண்டு வகுப்புகள் நடந்தன. வசதி படைத்தோர் செலுத்திய கட்டணத்தைக் கொண்டு அனாதைப் பிள்ளைகளைப் பேணுவது இச்சபையினரின் நடைமுறையாக இருந்தது. இம்முறையே பின்னர் யோக்கோகாமாவிலும் பின்பற்றப்பட்டது.

யப்பானில் பணியாற்றிய பாரிசு வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்த ஆயர் பெர்னார் பெத்திசான் விடுத்த அழைப்பை ஏற்று மத்தில்து அன்னை ஒரு சிறு குழுவுடன் 1872 ஆம் ஆண்டு சூன் 28 ஆம் நாள் யோக்கோகாமா துறைமுகத்தில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு அகவை 58. ஓய்வு பெறும் வயதில் அவர் மொழி தெரியாத நாடொன்றில் புதிய பணியைத் தொடங்கினார் எனலாம்.

அக்காலச் சூழலையும் இங்கு நோக்க வேண்டும். யோக்கோகாமா 1859 இல்தான் வெளிநாட்டு வணிகத்துக்குத் திறக்கப்பட்டிருந்தது. யப்பானின் முதல் தொடர்வண்டிப் பாதை தோக்கியோவுக்கும் யோக்கோகாமாவுக்கும் இடையே முறைப்படி திறக்கப்பட்டது 1872 அக்டோபரில். நாடு தழுவிய முதல் கல்விச் சட்டம் வெளிவந்தது அதே ஆண்டு செப்டம்பரில். அருட்சகோதரிகள் இவ்விரண்டுக்கும் முன்னரே வந்துவிட்டனர். அதைவிட முதன்மையானது, அவர்கள் வந்த நாளில் யப்பானியர் கிறித்தவ சமயத்தைத் தழுவுவது தடை செய்யப்பட்டிருந்தது. நாகசாக்கிக்கு அருகிலுள்ள உராக்காமி ஊரில் தலைமுறை தலைமுறையாக மறைவில் தம் நம்பிக்கையைக் காத்துவந்த கத்தோலிக்கர் 3,300 பேருக்கும் மேலானோர் அவ்வேளையில் நாட்டின் பல பகுதிகளுக்கு நாடுகடத்தப்பட்டுத் துன்புற்றுக்கொண்டிருந்தனர். கிறித்தவத்தைத் தடைசெய்யும் அறிவிப்புப் பலகைகள் 1873 பெப்ரவரியில்தான் அகற்றப்பட்டன. அதன் பின்னரே உராக்காமி மக்கள் ஊர் திரும்பினர்.

எனவே தொடக்க மாதங்களில் அருட்சகோதரிகள் வெளிநாட்டவர் குடியிருப்புப் பகுதிக்குள் மட்டுமே ஐயத்துக்கு இடமின்றி இயங்க முடிந்தது. பள்ளி யாருக்காகத் தொடங்கப்பட்டது என்பதை இதுவே பெரிதும் முடிவு செய்தது எனலாம். வணிகர், கப்பல் துறையினர், தூதரக அலுவலர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு ஒரு கட்டணப் பள்ளியும், யப்பானியக் குழந்தைகளுக்கு ஓர் அனாதை இல்லமும் அவர்களால் நடத்தப்பட்டன. பள்ளியின் இன்றைய முகவரியான யமத்தே 83 என்னும் எண்கூட அக்குடியிருப்புக் காலத்து மனை எண் முறையின் எச்சம்தான். யமத்தேயில் வீட்டு எண்கள் இன்றும் அப்பழைய முறையையே பின்பற்றுகின்றன. புதிதாக வருவோர் வழி தேடித் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரு வழிகள்

1899 ஆம் ஆண்டு இப்பள்ளியின் வரலாற்றில் திருப்புமுனை ஆகும். அவ்வாண்டு நடைமுறைக்கு வந்த திருத்திய ஒப்பந்தங்களால் வெளிநாட்டவர் குடியிருப்புகளின் தனி உரிமைகள் ஒழிந்தன. வெளிநாட்டவர் நடத்தும் பள்ளிகளும் யப்பானியச் சட்டத்தின் கீழ் வந்தன. அதே ஆண்டு ஆகத்து மாதத்தில் கல்வி அமைச்சு பிறப்பித்த 12 ஆம் எண் ஆணை, அரசு ஏற்புப் பெற்ற பள்ளிகளில் சமயக் கல்வியையும் சமயச் சடங்குகளையும் தடை செய்தது.

மறைப்பணிப் பள்ளிகள் அனைத்துக்கும் இது ஓர் இக்கட்டான நிலையைத் தோற்றுவித்தது. அரசின் ஏற்பைப் பெற்றால் மாணவர்கள் மேற்கல்விக்குச் செல்லலாம், ஆனால் வகுப்பறையில் சமயம் கற்பிக்க இயலாது. ஏற்பைத் துறந்தால் சமயம் கற்பிக்கலாம், ஆனால் மாணவருக்கு மேற்படிப்பின் வாயில் அடைபடும். புனித மோர் சபையினர் இரண்டில் ஒன்றைத் தேர்வதற்கு மாறாக, இருவகைப் பள்ளிகளையும் நடத்தினர் என்பது குறிப்பிடத்தக்கது. யப்பானியச் சிறுமியருக்காக 1900 இல் யோக்கோகாமாவில் கோரான் பெண்கள் பள்ளி நிறுவப்பட்டது. 1903 இல் சிசுவோக்கா நகரில் ஒரு பள்ளியும், 1909 இல் தோக்கியோவில் புத்தாபா பெண்கள் உயர்பள்ளியும் தொடங்கப்பட்டன. சிசுவோக்காப் பள்ளியின் தொடக்ககாலப் பெயரே "பிரெஞ்சு-ஆங்கிலப் பெண்கள் பள்ளி" என்று பொருள்படுவதாகும். இரு அயல்மொழிகளைக் கற்பிப்பது அக்காலத்தில் ஒரு பள்ளிக்கு எத்தகைய ஈர்ப்பைத் தந்தது என்பதற்கு இப்பெயர் நல்ல சான்று.

இப்பள்ளிகள் பின்னர் "புத்தாபா" என்னும் பொதுப்பெயரைப் பெற்றன. யப்பானிய மொழியில் இச்சொல் "இரட்டை இலை" எனப் பொருள்படும். யப்பானின் முன்னாள் பேரரசி மிச்சிக்கோ தம் சிறுவயதில் தோக்கியோவின் புத்தாபாப் பள்ளியிலும், பேரரசி மசாக்கோ தெனென்சோபு புத்தாபாப் பள்ளியிலும் பயின்றவர்கள். யோக்கோகாமாவில் கோரான் பள்ளியின் வழிவந்த புத்தாபாப் பள்ளி யமத்தே 88 இல் உள்ளது. அதாவது ஒரே சபை நிறுவிய இரு பள்ளிகள் ஒரே மேட்டில் சிறு தொலைவில் அமைந்துள்ளன. ஒன்று யப்பானியத்தில் கற்பிக்கிறது, ஏப்பிரலில் கல்வியாண்டைத் தொடங்குகிறது, அரசின் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறது. மற்றொன்று ஆங்கிலத்தில் கற்பிக்கிறது, ஆகத்தில் கல்வியாண்டைத் தொடங்குகிறது. ஒரு குழந்தையை எந்த வாயிலில் சேர்ப்பது என்பது, அக்குழந்தை வளர்ந்து எந்த நாட்டில், எம்மொழியில் வாழப்போகிறது என்ற கேள்விக்குப் பெற்றோர் முன்கூட்டியே அளிக்கும் விடையாகவே இருந்துவந்துள்ளது.

பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு

பிரான்சில் தோன்றிய ஒரு சபையின் பள்ளி ஆங்கிலவழிப் பள்ளியானது எவ்வாறு என்ற வினா எழலாம். துறைமுக நகரங்களின் வணிக மொழி ஆங்கிலமாக இருந்தது ஒரு காரணம். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் ஆட்சிமொழி ஆங்கிலமாக இருந்தமையால் சபையினர் அங்கேயே ஆங்கிலத்தில் கற்பிக்கப் பழகியிருந்தனர் என்பது மற்றொன்று. இவற்றோடு ஐரோப்பிய அரசியலும் சேர்ந்துகொண்டது. துறவற சபையினர் பள்ளிகளில் கற்பிப்பதைத் தடைசெய்யும் சட்டம் பிரான்சில் 1904 இல் இயற்றப்பட்டது. 1909 இல் இச்சபையினர் அயர்லாந்தின் கார்க் மாவட்டத்தில் திரிசேன் என்னுமிடத்தில் ஒரு கன்னிமாடத்தை நிறுவினர். ஆங்கிலம் பேசும் இளம்பெண்களைப் பயிற்றுவித்து ஆசியப் பள்ளிகளுக்கு அனுப்புவது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. அதன் பின்னர் சிங்கப்பூர், மலாயா, யப்பான் ஆகிய நாடுகளில் இச்சபையின் வகுப்பறைகளில் அயர்லாந்துச் சகோதரிகள் பெருமளவில் காணப்பட்டனர். மத்தில்து அன்னை 1911 சனவரியில் யோக்கோகாமாவிலேயே காலமானார். பிரெஞ்சு மட்டுமே அறிந்தவராக ஆசியாவுக்கு வந்த தலைமுறை அவரோடு விடைபெறத் தொடங்கியது எனலாம்.

நிலநடுக்கமும் போரும்

1923 ஆம் ஆண்டு செப்டம்பர் 1 ஆம் நாள் நண்பகலுக்கு இரண்டு நிமிடங்களுக்கு முன் ஏற்பட்ட பெரும் காந்தோ நிலநடுக்கத்தில் யோக்கோகாமா நகரம் ஏறத்தாழ முற்றாக அழிந்தது. நிலநடுக்கத்திலும் அதைத் தொடர்ந்த தீயிலும் தோக்கியோ, யோக்கோகாமா உள்ளிட்ட பகுதிகளில் ஏறத்தாழ 1,05,000 பேர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். யமத்தே மேட்டிலிருந்த கன்னிமாடக் கட்டடங்கள் இடிந்தன, அருட்சகோதரிகளும் உயிரிழந்தனர். வெளிநாட்டு வணிகர் பலர் அதன் பின் கோபே நகருக்குக் குடிபெயர்ந்தனர். நகரைவிட்டு வெளியேறப் போதிய காரணம் இருந்தும் சபையினர் அங்கேயே தங்கிப் பள்ளியை மீண்டும் எழுப்பினர்.

இரண்டாம் உலகப் போரின்போது யப்பானில் வாழ்ந்த வெளிநாட்டவர் பலர் தடுத்து வைக்கப்பட்டனர், அல்லது துறைமுக நகரங்களிலிருந்து வெளியேற்றப்பட்டனர். 1945 மே 29 ஆம் நாள் நிகழ்ந்த வான் தாக்குதலில் யோக்கோகாமாவின் பெரும்பகுதி எரிந்தது. போருக்குப் பின் அமெரிக்காவின் எட்டாவது படை தன் தலைமையகத்தை யோக்கோகாமாவில் அமைத்தது. படையினர், அலுவலர், வணிகர் ஆகியோரின் குடும்பங்கள் வரத்தொடங்கியதும் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கான தேவை மீண்டும் பெருகியது.

மாணவர்கள்

பன்னாட்டுப் பள்ளி என்றதும், சில ஆண்டுகள் தங்கிச் செல்லும் தூதர்களின், நிறுவன அலுவலர்களின் பிள்ளைகளே நினைவுக்கு வருவர். ஆனால் யோக்கோகாமாவின் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு வந்தோரில் மற்றொரு பிரிவினரும் இருந்தனர். யப்பானியத் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும், அல்லது யப்பானியத் தந்தைக்கும் வெளிநாட்டுத் தாய்க்கும் பிறந்த பிள்ளைகளே அவர்கள். இவர்களுக்கு இப்பள்ளி இடைக்காலத் தங்கல் அன்று.

இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. யப்பானியக் குடியுரிமை 1984 ஆம் ஆண்டு முடிய தந்தை வழியாகவே பிள்ளைகளுக்குச் சென்றது. யப்பானியத் தாய்க்கும் வெளிநாட்டுத் தந்தைக்கும் பிறந்த குழந்தை யப்பானிலேயே பிறந்து வளர்ந்தாலும் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவரே. 1985 சனவரி 1 முதல்தான் தாய் வழியாகவும் குடியுரிமை பெறும் உரிமை வந்தது. வீட்டில் தாயோடு யப்பானியம் பேசி, கடவுச்சீட்டில் வேறொரு நாட்டைக் கொண்டிருந்த இக்குழந்தைகளுக்குப் பொருந்திய பள்ளிகள் மிகச் சிலவே.

இவ்வகைப் பிள்ளைகள் இருவரைப் பற்றி நன்கு அறிய முடிகிறது. இருவருமே புனித மோர் பள்ளியின் மாணவர்கள் அல்லர். அதே யமத்தேயில் மரியாவின் சபைத் துறவிகள் 1901 இல் ஆண்களுக்காகத் தொடங்கிய புனித யோசேப்புக் கல்லூரியில் பயின்றவர்கள். முதலாமவர் சார்லசு பெடர்சன். 1904 இல் கொரியாவின் பூசானில் நோர்வே நாட்டுத் தந்தைக்கும் யப்பானியத் தாய்க்கும் பிறந்தவர். அன்றைய கொரியாவில் அயல்மொழியில் கற்பிக்கும் பள்ளி இல்லாமையால் எட்டு வயதில் நாகசாக்கியிலுள்ள ஒரு கன்னிமாடப் பள்ளிக்கும், பத்து வயதில் யோக்கோகாமாவுக்கும் அனுப்பப்பட்டார். பள்ளிமொழி கருதியே எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கடல் கடந்து அனுப்பப்பட்டான் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. பின்னர் இவர் அமெரிக்கா சென்று வேதியியலாளராகி, 1987 இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இரண்டாமவர் சிற்பி இசாமு நொகுச்சி. யப்பானியக் கவிஞர் ஒருவருக்கும் அமெரிக்க எழுத்தாளர் ஒருவருக்கும் 1904 இல் பிறந்த இவர், 1918 இல் அமெரிக்காவுக்கு அனுப்பப்படும் வரை யப்பானில் வளர்ந்தார்.

புனித யோசேப்புக் கல்லூரி 2000 ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் விடுதியாகப் பயன்பட்ட பெரிக் மாளிகை 1930 இல் ஆங்கிலேய வணிகர் ஒருவருக்காகக் கட்டப்பட்டது. யோக்கோகாமா நகராட்சியின் உடைமையாகி 2002 முதல் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரு நூற்றாண்டு நடந்த பள்ளியின் நினைவாகப் பார்வையாளர் காண எஞ்சியவற்றுள் அவ்விடுதியும் ஒன்று. அண்டைப் பள்ளி மறைந்த நிலையில், யமத்தேயின் கத்தோலிக்கப் பன்னாட்டுக் கல்வியைப் புனித மோர் பள்ளியே தொடர்ந்து நடத்திவருகிறது.

மொழிக் கல்வி

மாணவர் ஆங்கிலத்தில் பயின்று, பள்ளி வாயிலைத் தாண்டியதும் யப்பானியத்தில் வாழ்கின்றனர். இத்தகைய சூழலில் வளரும் பிள்ளை தானாகவே இருமொழியாளர் ஆகிவிடும் என்ற எண்ணம் பெற்றோரிடையே பரவலாக உள்ளது. அது பாதி உண்மையே. கனடா நாட்டு அறிஞர் சிம் கம்மின்சு, அன்றாட உரையாடலுக்கான மொழித்திறனையும் கல்விக்கான மொழித்திறனையும் 1979 இல் வேறுபடுத்திக் காட்டினார். புதிய மொழியில் உரையாடக் குழந்தைகள் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் பழகிவிடுகின்றனர். ஆனால் அம்மொழியில் பாடநூலைப் படித்து, காரணம் காட்டி எழுதும் அளவுக்குத் தம் வயதொத்தவர்களை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் தேவைப்படுகின்றன. விளையாட்டுத் திடலில் சரளமாகப் பேசும் மாணவர் வகுப்பில் பின்தங்குவதைக் கண்டு ஆசிரியர் வியப்பதற்கும், சில வேளை அவரைத் திறனற்றவர் எனத் தவறாக மதிப்பிடுவதற்கும் இதுவே காரணம்.

யப்பானிய மொழியைப் பொறுத்தவரை இச்சிக்கல் இன்னும் கூர்மையானது. பேச்சைத் தெருவிலும் வீட்டிலும் கற்கலாம். எழுத்தை அவ்வாறு கற்க இயலாது. யப்பானிய அரசுப் பாடத்திட்டத்தின்படி தொடக்கப் பள்ளியின் ஆறு ஆண்டுகளில் 1,026 கஞ்சி எழுத்துகள் கற்பிக்கப்படுகின்றன. நாளிதழ் முதலியவற்றில் பொதுப் பயன்பாட்டுக்கென வரையறுக்கப்பட்ட கஞ்சி எழுத்துகள் 2,136. உள்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் எழுதிப் பழகி இவற்றை மனத்தில் இருத்துகின்றனர். ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு யப்பானியம் நாளொன்றுக்கு ஓரிரு பாடவேளைகள் மட்டுமே கிடைக்கும். தாயோடு இயல்பாகப் பேசும் ஒருவர் தாய் எழுதிய கடிதத்தைப் படிக்க இயலாமல் நிற்கும் நிலை இவ்வாறு உருவாகிறது. புலம்பெயர்ந்த நாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளிகளை நடத்துவோர் இதனை எளிதில் புரிந்துகொள்வர்.

மழலையர் பிரிவில் மொண்டிசோரி முறை பின்பற்றப்படுகிறது. மேல்வகுப்புகளில் பன்னாட்டுப் பள்ளியிறுதித் திட்டமான இன்டர்நேசனல் பக்கலோரியா பட்டயப் படிப்பு உள்ளது. 1968 இல் செனீவாவில் நிறுவப்பட்ட இத்திட்டத்தில் இருமொழிப் பட்டயம் என்றொரு பிரிவு உண்டு. இரு மொழிகளை இலக்கிய அளவில் கற்றுத் தேர்வோர், அல்லது தம் முதல் மொழியல்லாத பிறிதொரு மொழியில் வரலாறு, அறிவியல் போன்ற பாடங்களை எழுதித் தேர்வோர் இதனைப் பெறலாம். அறிவுசார் மொழித்திறனை இது அளவிடுகிறது என்பதால் மேற்கூறிய வேறுபாட்டை நன்கு உணர்ந்து வகுக்கப்பட்ட ஏற்பாடு எனலாம்.

சட்டநிலை

1947 ஆம் ஆண்டின் பள்ளிக் கல்விச் சட்டத்தின் முதற்பிரிவு, யப்பானில் "பள்ளி" எனப்படுவன எவை எனப் பட்டியலிடுகிறது. புனித மோர் போன்ற பன்னாட்டுப் பள்ளிகள் அப்பட்டியலில் இல்லை. இவை "பல்வகைப் பள்ளிகள்" என்னும் தனி வகையின் கீழ் வருகின்றன. வாகனம் ஓட்டப் பயிற்றுவிக்கும் பள்ளிகளும் இதே வகையில் அடங்கும் என்பது பலருக்கு வியப்பளிக்கலாம்.

இதன் விளைவுகள் பெயரளவில் நின்றுவிடவில்லை. யப்பானியக் குடியுரிமை கொண்ட பிள்ளையைத் தொடக்க, நடுநிலைக் கல்விக்காக முதற்பிரிவுப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் சட்டக் கடமை. பன்னாட்டுப் பள்ளியில் சேர்ப்பது அக்கடமையை நிறைவேற்றியதாகாது என்பதே கல்வி அமைச்சின் நிலைப்பாடு. இதனால், சிறுவயதில் பன்னாட்டுப் பள்ளியில் படித்த பிள்ளை பின்னர் உள்நாட்டுப் பள்ளிக்கு மாற விரும்பினால் இடர்ப்பாடு ஏற்படலாம். வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட பிள்ளைகளுக்கு இக்கடமை இல்லை.

இதைவிடப் பெரிய தடை பல்கலைக்கழக வாயிலில் இருந்தது. பன்னாட்டுப் பள்ளியில் பன்னிரண்டு ஆண்டுகள் படித்து முடித்தவர், யப்பானியத் தேசியப் பல்கலைக்கழகங்களின் நுழைவுத் தேர்வை எழுதவே தகுதியற்றவராகக் கருதப்பட்டார். அவர் யப்பானிலேயே பிறந்தவராயினும் நிலை அதுவே. பக்கலோரியா பட்டயம் பெற்றோர்க்கு 1979 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. தனியார் பல்கலைக்கழகங்கள் சில தம் விருப்பப்படி இம்மாணவரை ஏற்றன. இயேசு சபையினரின் சோபியா பல்கலைக்கழகம் 1949 இலேயே ஆங்கிலவழிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியிருந்தது. எஞ்சியோர் வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. பன்னாட்டுப் பள்ளி மாணவர் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ மேற்படிப்பைத் தொடர்ந்தமைக்கு விருப்பம் மட்டுமே காரணமன்று. உள்நாட்டில் கதவு மூடியிருந்ததும் ஒரு காரணம்.

2003 இல் இந்நிலை மாறியது. மேலை நாட்டுத் தரச்சான்று அமைப்புகள் சிலவற்றின் ஏற்பைப் பெற்ற பள்ளிகளின் மாணவருக்கு மட்டும் தகுதி அளிக்கக் கல்வி அமைச்சு முதலில் முன்மொழிந்தது. யப்பானில் நெடுங்காலமாக இயங்கிவரும் கொரியப் பள்ளிகளும் சீனப் பள்ளிகளும் விடுபட்டமையால் கடும் எதிர்ப்பு எழுந்தது. அதன் பின் அதே ஆண்டு செப்டம்பரில் விதிகள் விரிவாக்கப்பட்டன. தாய்நாட்டுப் பள்ளிக்கு இணையானவை என உறுதி செய்யப்பட்ட பள்ளிகளின் மாணவரும் தகுதி பெற்றனர். பிறரைத் தனித்தனியே ஆராய்ந்து முடிவு செய்யும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்பட்டது. ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு எளிதில் திறந்த கதவு, ஆசிய மொழிவழிப் பள்ளிகளுக்குத் தாமதமாகவும் குறுகலாகவுமே திறந்தது. வட கொரியச் சார்புடைய அமைப்பின் பள்ளிகளில் படித்தோர் இன்றும் தனித்தனி ஆய்வையே நம்பியுள்ளனர்.

சமயம்

யப்பானின் மக்கள்தொகையில் கத்தோலிக்கர் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் இப்பள்ளியில் சேர்க்கப்படுகின்றனர். யப்பானிலுள்ள பிற கத்தோலிக்கப் பன்னாட்டுப் பள்ளிகளிலும் இதே நிலைதான். தோக்கியோவில் திரு இருதய சபையினர் 1908 இல் தொடங்கிய பள்ளி, 1954 இல் கனடா நாட்டுத் துறவியர் ஆண்களுக்கெனத் தொடங்கிய புனித மரியா பள்ளி, கோபே நகரில் மாரிசுட்டு சகோதரர்கள் 1951 இல் தொடங்கிய பள்ளி ஆகியன இவ்வகையில் அறியப்பட்டவை. துறவியரின் எண்ணிக்கை குறைந்ததால் அண்மைப் பத்தாண்டுகளில் புனித மோர் பள்ளியின் தலைமைப் பொறுப்பைப் பொதுநிலையினரே ஏற்றுவருகின்றனர்.

அச்சபையினர் பினாங்கில் 1852 இல் தொடங்கிய பள்ளி, மலேசியாவில் 1970 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த கொள்கையால் மலாய்வழிப் பள்ளியாயிற்று. சிங்கப்பூரின் விக்டோரியா தெருக் கன்னிமாடத்திலிருந்து 1983 இல் பள்ளி வெளியேறியது. அவ்வளாகம் இன்று உணவகங்களும் கடைகளும் நிறைந்த சுற்றுலா இடமாக உள்ளது. யோக்கோகாமாவின் யமத்தே 83 இல் 2022 ஆம் ஆண்டுடன் பள்ளிக்கு 150 ஆண்டுகள் நிறைவுற்றன.